தோற்றவன் அள்ளும் தண்ணீர்

அண்மையில் ஒரு கலியாண வீட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்ட ஒருவர் கடற்கரை உதைபந்தாட்டக் கழகத்தைப் பற்றிக் கதையெடுத்தார். "என்ன மாதிரிப் பந்தடிச்சவங்கள்! அப்பிடி ஒரு ரீம் இனி இந்த வன்னியிலை வராது" என்று சொல்லிப் பெருமூச்சும் விட்டார். நான் பாயாசத்தைக் குடித்து முடித்தேன். அவர் மாங்குளத்துக்காரர். அவர்களுடைய ஊர் ரீம் ஒருநாளும் இறுதி ஆட்டம் வரை வந்ததில்லை. அதனால் கடற்கரைக்காரருக்குத் தண்ணீர் அள்ளி ஊற்ற வேண்டிய தேவை அவருடைய ஊரில் ஒருவருக்கும் வரவில்லை. அப்படிப்பட்டவர்கள் தாராளமாகப் பெருமூச்சு விடலாம்.

எனக்கு அந்தக் கழகத்தின்மேல் இரக்கம் கிடையாது. அது விழுந்தபோது சந்தோசப்பட்டவன் நான். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் இருந்து பார்த்துச் சந்தோசப்பட்டவன். அதை மறைக்கிற வயது எனக்குப் போய்விட்டது.

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் ஒரு குளத்துக்குக் கீழ் குடியேறியது. வயல் காணியும், மேட்டில் ஒரு துண்டும், பாதி கட்டிய வீடும் தந்தார்கள். மீதிப் பாதியை அப்பு, என் தகப்பன், கட்டி முடிக்க நாலு போகம் எடுத்தது. நுளம்புக்கடியும் யானையும் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லாத இடம். மாரிப் போகம் வெட்டி முடிந்ததும் பெடியள் ஒட்டு வயலில் பந்தடிக்கத் தொடங்கினோம். கால் பெருவிரலில் நெல்லின் அடிக்கட்டை குத்தாத ஆள் எங்கள் ரீமில் இல்லை. எனக்கு ஓடினால் இளைக்கும். ஆனால் ஆள் உயரம். ஆகவே கோல் கீப்பர் ஆக்கிவிட்டார்கள். அதற்கு வேறு தகுதி என்னிடம் இருந்ததாக எவரும் சொன்னதில்லை.

ஒவ்வொரு வருடமும் பங்குனியில் தொடங்கிச் சித்திரையில் முடிகிற ஒரு சுற்றுப்போட்டி இருந்தது. வீதியோரத்துப் பள்ளிக்கூட மைதானம் ஒன்றில் நடக்கும். நெடுங்கேணி, மாங்குளம், குடியேற்றங்கள், கரை ஊர்கள் என்று எட்டுப் பத்து ரீம் வரும். கோப்பை மட்டும் கடற்கரைக்கே போகும். நான் கோல் கீப்பராக வந்த முதல் நாலு வருடமும் இறுதி ஆட்டத்தில் அவர்களும் நாங்களும்தான் நின்றோம். நாலு வருடமும் அவர்கள்தான் வென்றார்கள். எனக்கு முந்திய கோல் கீப்பர் காலத்திலும் அதே கதைதான்.

வென்றதைக்கூடப் பொறுக்கலாம். அவர்கள் மைதானத்துக்குள் வந்து இறங்குகிற விதம்தான் பொறுக்காது. கடற்கரையில் கரைவலை வைத்திருந்த சம்மாட்டி ஒருவருடைய லொறியில், ஆட்டம் தொடங்க அஞ்சு நிமிசம் இருக்க வந்து சேருவார்கள். கன்னியாஸ்திரி மடத்துச் சிஸ்ரர்மார் தைத்துக் கொடுத்த நீலச் சட்டை எல்லாருக்கும். நாங்கள் ஒரு மணித்தியாலமாக ஓடிக் குனிந்து நிமிர்ந்து வியர்த்துப்போய் நிற்போம். அவர்கள் தோடம்பழம் உரித்துத் தின்றுகொண்டு நடந்து வருவார்கள். பிறந்த நாள் முதல் மணலில் ஓடிய கால்கள். எங்கள் இறுகிய நிலத்தில் அந்தக் கால்களைப் பிடிக்க முடியாது. கோலுக்குக் கட்டிய வலையும் அவர்கள் கொடுத்த பழைய மீன்வலைதான். எனக்குப் பின்னால் பந்து போய் விழுகிற ஒவ்வொரு தடவையும் கருவாட்டு மணம் எழும்பும். அந்த மணத்தில்தான் என் இளமை கழிந்தது.

அவர்களுடைய கோல் கீப்பர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் என்று இப்போது மரியாதையாக எழுதுகிறேன். அந்த நாளில் மனதுக்குள் அவன்தான். அகன்ற தோள், மெல்லிய மீசை, காதுக்குப் பின்னால் ஒரு பாதிச் சுருட்டு. எங்களோடு விளையாடும்போது பந்து தன் பக்கம் வராது என்று அவருக்குத் தெரியும். ஆகவே கோல் கம்பத்தடியில் குந்தியிருப்பார். ஆயிரம் சனம் பார்த்துக்கொண்டு நிற்க, ஓர் இறுதி ஆட்டத்தில், கோல் கீப்பர் குந்தியிருக்கிறார்! ஒருதரம் எங்கள் சென்ரர் போர்வேட் எப்படியோ பந்தோடு அந்தப் பக்கம் போய்விட்டான். அவர் எழும்பி, பந்தை ஒரு கையால் எடுத்து, திருப்பி எறிந்துவிட்டு மறுபடியும் குந்தினார். சனம் சிரித்த சிரிப்பு குளக்கட்டு வரை கேட்டிருக்கும்.

இதற்கெல்லாம் மேலே தண்ணீர் முறை. அந்தப் போட்டியில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. ஆர் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. இறுதி ஆட்டத்தில் வென்றவர்கள், தோற்றவர்களின் ஊர்க் கிணற்றில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். அள்ளி ஊற்ற வேண்டியவன் தோற்ற ரீமின் கோல் கீப்பர். கோல் விட்டவன் அள்ளுகிறான், அவ்வளவுதான் நியாயம்.

மைதானத்திலிருந்து கடற்கரைக்குப் போகிற பாதையும் எங்கள் குடியேற்றத்தைத் தாண்டித்தான் போகும். வீதியோரத்துப் பொதுக்கிணற்றடியில் லொறி வந்து நிற்கும். கோன் அடித்துக்கொண்டே நிற்கும். ஊர் முழுவதும் வேலியோரம் வந்துவிடும். நான் கப்பியில் கயிற்றைப் போட்டு அள்ளி ஊற்றுவேன். ஒவ்வொருவராகக் கையேந்திக் குடிப்பார்கள். பதினொரு பேர், பிறகு லொறிக்காரன், பிறகு கூட வந்த சனம். கடைசியாக அந்தக் கோல் கீப்பர் வருவார். ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்து என் காலடியில் துப்புவார். பிறகு ஆறுதலாகக் குடிப்பார். குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கச் சொல்வார்.

"நல்ல தண்ணி. அடுத்த வருசமும் வாறம்."

நாலு வருடமும் அதே வசனம். ஒரு சொல் மாறாது.

அதோடும் விடமாட்டார்கள். லொறியிலிருந்து இரண்டு தகரப் பீப்பாவும், ஏழெட்டு மண்குடமும் இறக்குவார்கள். அதையும் நான்தான் நிரப்பவேண்டும். அது முறையில் இல்லாதது. "பீப்பாவுக்கு ஏனண்ணை தண்ணி?" என்று முதல் வருடம் கேட்டேன். லொறிக்காரன்தான் பதில் சொன்னான்: "லொறி கழுவ." எல்லாரும் சிரித்தார்கள். எங்களுக்கு அது போதும். எங்கள் குடிதண்ணீரைக் கொண்டுபோய் மீன் லொறி கழுவுகிறான்கள் என்ற கதை அடுத்த நாள் விடியமுன் ஊர் முழுதும் பரவிவிட்டது. எங்கள் கழகத் தலைவர் பீப்பாவைத் தடை செய்யக் கேட்டு ஒரு மனு எழுதினார். எழுதிவிட்டு, தோற்றவன் சிணுங்குகிறான் என்று சொல்லுவார்கள் என்று கிழித்துப்போட்டார். குளத்துத் தண்ணீர் பாய்கிற இடத்தில் இருந்தவர்கள் நாங்கள். இரண்டு பாகம் ஆழம் தோண்டினால் எங்களுக்கு இளநீர் மாதிரித் தண்ணீர் வரும். அப்படிப்பட்ட எங்களுக்கு, ஒருவன் பீப்பாவில் தண்ணீர் கொண்டுபோனால் அது அவமதிக்கத்தான் என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

கயிறு இழுத்து உள்ளங்கைத் தோல் உரிந்து வீட்டுக்குப் போனேன். அப்பு சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே என் கையைப் பார்த்தார். "பந்தைப் பிடிச்சிருந்தால் கயிறு பிடிக்கத் தேவையில்லை" என்றார். ஆறுதல் சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசைதான். கோப்பை வேண்டாம். அந்த மனுசன் தன்னுடைய ஊர்க் கிணற்றடியில் எனக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றவேண்டும். நான் கொப்பளித்து அவருடைய காலடியில் துப்பவேண்டும். துப்பிவிட்டு அந்த வசனத்தைச் சொல்லவேண்டும். வரம்பு கட்டும்போது, மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, வாய்க்கால் தண்ணீரை வாயில் எடுத்து அந்தத் துப்பலைப் பழகியிருக்கிறேன். எவ்வளவு தூரம் போகவேண்டும், எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவேண்டும் என்றெல்லாம் கணக்கு வைத்திருந்தேன். இது பைத்தியம் என்று தெரியும். ஆனால் நாலு வருடம் தண்ணீர் அள்ளியவனுக்கு இந்த அளவு பைத்தியம் பிடிப்பதில் பிழையில்லை.

பிறகு அவர்கள் விழத் தொடங்கினார்கள். அதுவும் என்ன விழுகை! வேறு ரீம் திறமையாக வந்து விழுத்தியிருந்தால் மரியாதை. இவர்கள் விழுந்தது கரைவலையில்.

அவர்களுடைய சென்ரர் போர்வேட்டும் லெப்ற் அவுட்டும் கூடப்பிறந்த சகோதரர்கள். அண்ணன் பந்தைத் தூக்கிப் போடுவான், தம்பி பார்க்காமலே கோல் அடிப்பான். எங்கள் கண்ணுக்கு அவர்கள் இரண்டு பேய்கள். தகப்பன் செத்ததும் கரைவலை முறையில் பிரச்சினை வந்தது. எந்த நாளில் ஆர் வலை வளைப்பது, ஆருடைய முறை முதலில் என்பதுதான் சண்டை. சண்டை கோயில் விறாந்தை வரை போய், பேச்சில்லாமல் போய்விட்டது. பேச்சில்லாமல் போனதை நாங்கள் கண்டது மைதானத்தில்.

அந்த வருடம் நெடுங்கேணியோடு அவர்களுக்கு அரையிறுதி. அண்ணன் பந்தோடு போகிறான். தம்பி கோலுக்கு முன்னால் தனியே நிற்கிறான், பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. தட்டிவிட்டால் கோல். அண்ணன் தம்பியைப் பார்த்தான், திரும்பினான், பந்தை முழு மைதானத்தையும் தாண்டித் தன்னுடைய கோல் கீப்பருக்கே அடித்தான். குந்தியிருந்த கோல் கீப்பர் திடுக்கிட்டு எழும்பினார். நாங்கள் அன்று வயிறு நோகச் சிரித்தோம். எங்கள் ஆள் ஒருவன் கையை வாயில் குவித்து, அந்த வலைச் சண்டையை வைத்தே கத்தினான்:

"அண்ணை, இண்டைக்கு ஆற்றை முறை?"

அது எங்கள் ஊருக்கே மந்திரமாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தச் சகோதரர் இருவரில் எவருடைய காலில் பந்து பட்டாலும் எங்கள் சனம் ஒன்றாகக் கத்தும்: "ஆற்றை முறை?" பெண்பிள்ளைகளும் கத்தினார்கள். எங்கள் கழகத் தலைவர், மனு எழுதிக் கிழித்த பெரிய மனிதர், சால்வையைச் சுழற்றிக்கொண்டு கத்தினார். எல்லாருக்கும் மேலே என் சத்தம் கேட்டது. நெடுங்கேணி வென்றது. நீலச் சட்டைக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு லொறியில் ஏறினார்கள். அன்று எங்கள் கிணற்றடியில் லொறி நிற்கவில்லை.

அடுத்த வருடம் லொறியே இல்லை. சம்மாட்டி அண்ணனுக்கு மாமனார். தம்பி ஏறுகிற லொறி தன்னுடையதாக இருக்கக்கூடாது என்று நிறுத்திவிட்டார். தம்பி திருகோணமலைத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். அவனோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள். புதிதாக வந்த பங்குச் சுவாமியாருக்குப் பந்தை விடப் பாட்டில் விருப்பம். நல்ல கால் உள்ள பெடியளைப் பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார். மிஞ்சினவர்கள் பஸ்சிலும் சைக்கிளிலும் வந்தார்கள். நீலச் சட்டை வெளிறிச் சாம்பல் நிறமாகிவிட்டது. தோடம்பழத்தைக் காணோம்.

இப்படிப் போன மூன்று வருடமும் அவர்களுடைய ஒரு ஆட்டத்தையும் நாங்கள் தவறவிடவில்லை. எங்கள் சொந்த ஆட்டத்துக்கு வராத கிழடுகட்டைகள்கூட இதற்கு மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் தோற்பதைப் பார்க்க மரநிழலில் பாய் விரித்து, புட்டும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு வந்து இருப்போம். மீன் அவர்களிடம் வாங்கினதுதான். மாங்குளம் புகையிரத நிலையத்துப் பெடியள், ஒரு ஒழுங்கான சட்டை இல்லாத ரீம், அவர்களை மூன்று கோலால் அடித்த நாளில் எங்கள் ஊரில் பொங்கல் பொங்காததுதான் குறை.

ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு எரிச்சல் வந்துகொண்டே இருந்தது. மாங்குளத்தான் ஏன் அடிக்கவேண்டும்? நெடுங்கேணியான் ஏன் அடிக்கவேண்டும்? அவர்களுக்குத் தண்ணீர் அள்ளியது நான். அடிக்கிற உரிமை எங்களுடையது. அந்த மூன்று வருடமும் குலுக்கலில் எங்களுக்கும் அவர்களுக்கும் சந்திப்பு வரவில்லை. அவர்களோ ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் கரைந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் அடிக்கமுன்னமே கழகத்தை இழுத்து மூடிவிடுவார்களோ என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன், ஒரு ஆட்டத்தில் அவர்கள் கோல் அடித்தபோது நான் என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். "நுளம்பு" என்றேன்.

நாலாவது வருடம் எங்கள் சங்கக்கடையில் வைத்துச் சீட்டு எடுத்தார்கள். பிஸ்கற் தகரத்துக்குள் ஊர்ப் பெயர் எழுதிப் போட்டுக் குலுக்கினார்கள். முதல் சுற்று: நாங்களும் கடற்கரையும். நான் கடை வாசலில் நின்று துள்ளினேன். இருபத்தைந்து வயதுக் குடியானவன் துள்ளுகிற துள்ளலா அது என்று அப்பு கேட்டார்.

ஆட்டத்தன்று அவர்கள் ஒன்பது பேர்தான் வந்தார்கள். அதில் இரண்டு பேருக்குத் தலை நரைத்துவிட்டது. கோல் கீப்பர் அதே ஆள். ஆனால் வலது முழங்காலில் துணி சுற்றியிருந்தார். வள்ளம் தள்ளும்போது பிசகினதாம். காதில் சுருட்டு இல்லை.

விசில் ஊதியது. ஐந்து நிமிசத்தில் முதல் கோல். பிறகு எண்ணுவதில் சுவாரசியம் இல்லாமல் போய்விட்டது. எங்கள் சனம் தொடக்கத்தில் "ஆற்றை முறை?" என்று கத்திப் பார்த்தது. ஆனால் கத்துவதற்குத் தம்பியும் இல்லை, அண்ணனும் இல்லை. அண்ணன் அந்த வருடம் விளையாட வரவேயில்லை. அரைவாசி ஆட்டத்தோடு சனம் கடலை வாங்கப் போய்விட்டது. எனக்குப் பந்து வரவில்லை. ஒரு தடவையும் வரவில்லை. அப்போது நினைவு வந்தது. நான் கோல் கம்பத்தடியில் போய்க் குந்தினேன். அவர் குந்துகிற மாதிரியே, ஒரு கையை முழங்காலில் வைத்துக் குந்தினேன். அவர் பார்க்கவேண்டும் என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு எங்கே நேரம்? ஒவ்வொரு பந்துக்கும் பாய்ந்து விழுந்துகொண்டிருந்தார். பிடிக்க முடியாத பந்துக்கும் பாய்ந்தார். விழுந்து, முழங்காலைப் பிடித்து எழும்பி, அந்தப் பழைய வலையில் சிக்கிய பந்தை எடுத்து எறிந்தார். எட்டு கோலுக்கும் பாய்ந்தார். நான் குந்தியிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இந்தச் சொத்தி ரீமுக்காகவா இத்தனை வருடம் வாய்க்காலில் துப்பிப் பழகினேன் என்று இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் ஆட்கள் மிசினில் ஏற ஆயத்தமானார்கள். உழவு மிசினுக்குப் பின்னால் கொழுவிய பெட்டியில்தான் நாங்கள் வந்திருந்தோம். நான் ஏறவில்லை. "தண்ணி குடிக்கப் போகவேணும்" என்றேன்.

எங்கள் கப்டன் என்னைப் பார்த்தான். "அது பைனலுக்கடா. இது முதல் சுற்று. விசரே உனக்கு?"

"நான் நாலு வருசம் அள்ளினனான். நீயோ அள்ளினாய்?"

சத்தம் கேட்டு அந்தக் கோல் கீப்பர் நொண்டிக்கொண்டு வந்தார். விசயத்தைக் கேட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். முதல் தடவையாக என்னை ஒழுங்காகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"வாங்கோ தம்பி" என்றார். "தோத்தால் அள்ளத்தான் வேணும். ஆனால் எங்களிட்டை லொறி இல்லை. உங்கட பெட்டியிலை எங்களையும் ஏத்திக்கொண்டு போங்கோ."

வென்றவர்களும் தோற்றவர்களும் ஒரே பெட்டியில் போனோம். சைக்கிளில் வந்த நாலு பேர் போக, மிச்ச ஐந்து பேரில் நாலு சாம்பல் சட்டைகள் ஒரு மூலையில் நெருக்கிக்கொண்டு இருந்தன. அவர் பெட்டியின் பின் விளிம்பில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். "இந்த முறை விளைச்சல் எப்பிடித் தம்பி?" என்று கேட்டார். "பரவாயில்லை" என்றேன். அதற்கு மேல் கதைக்க எனக்கு விருப்பமில்லை. வாய்க்குள் அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வெயில் சாயமுன் கரைக்கு வந்துவிட்டோம். கோயில், பனைகள், காய்கிற வலைகள், மணலில் ஏற்றிவைத்த வள்ளங்கள். மிசின் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஓடிவந்தன. பெட்டியின் விளிம்பில் இருந்த கோல் கீப்பரைக் கண்டதும் ஒரு பிள்ளை திரும்பி ஊரைப் பார்த்துக் கத்தியது.

"வெண்டிட்டினம்! வண்டியிலை வருகினம்! வெண்டிட்டினம்!"

அடுத்த நிமிசம் வீடுகளுக்குள்ளிருந்து பெண்கள் வந்தார்கள். ஓடி வந்தார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் குடம். ஒருத்தி கையில் கேத்தல். ஒருத்தி அடுப்படியிலிருந்து எழும்பி வந்தவள் போல, கையில் சாம்பலோடு ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மிசின் நிற்கமுன்னமே பெட்டியைச் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். முன்னுக்கு வந்தவா அவருடைய மனைவி. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தா. எங்கள் கால்களுக்கு இடையிலெல்லாம் பார்த்தா.

"தண்ணி எங்கையப்பா?" என்று கேட்டா.

அவர் இறங்கி, முழங்காலைத் தடவினார்.

"தோத்திட்டம். உவையள் எங்கட கிணத்திலை தண்ணி குடிக்க வந்திருக்கினம்."

பின்னால் நின்ற ஒருத்தி, "எங்கட கிணத்திலையோ?" என்று கேட்டுச் சிரித்துவிட்டாள். கேத்தல் வைத்திருந்தவள் சிரிக்கவில்லை. "கோயில் பெருநாளுக்கு ஒரு நல்ல தேத்தண்ணி குடிப்பம் எண்டு பாத்தன். மூண்டு வருசமாச்சு" என்றாள். எங்களுக்குச் சொல்லவில்லை, பக்கத்தில் நின்றவளுக்குச் சொன்னாள். குடங்களைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். அவருடைய மனைவி மட்டும் நின்றா.

கிணறு கோயிலுக்குப் பின்னால் இருந்தது. அகலமான, ஆழமில்லாத மணற்கிணறு. அவர் அள்ளினார். முறை தெரிந்த ஆள். எங்கள் கப்டன் முதலில் கையேந்தினான். ஒரு மிடறு குடித்தான். முகம் ஒரு மாதிரிப் போனது. அடுத்தவனுக்கு இடம் விட்டான். அவனும் ஒரு மிடறோடு நகர்ந்தான். பதினொரு பேரில் இரண்டாம் கை ஏந்தியவன் கிடையாது.

நான் கடைசி. அதுவும் திட்டப்படிதான். அவர் ஊற்றினார். நான் வாய் நிறைய எடுத்தேன்.

உப்பு. கடல் உப்பு இல்லை. மாரித் தண்ணீர் வற்றிப்போய், கடல் அடியால் ஏறி வந்து கலந்த உவர். கன்னம் இரண்டும் ஊதிப்போய் நான் நின்றேன். அவருடைய காலடி நான் கணக்கு வைத்த அதே தூரத்தில் இருந்தது. அவருடைய மனைவி வெறும் குடத்தோடு அந்தப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தா. என் உள்ளங்கைத் தோல் உரிய நான் நிரப்பிய பீப்பாக்கள் இரண்டும் கோயில் சுவரோடு கவிழ்ந்து கிடந்தன. அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. லொறி கழுவ என்று லொறிக்காரன் சொன்னதும், நாங்கள் நம்பியதும் நினைவு வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படி ஒரு வெட்கம் எட்டு கோல் விட்டிருந்தாலும் வந்திராது.

நான் விழுங்கினேன். முழுவதையும் விழுங்கினேன்.

விழுங்கியதும் ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. வேறு வசனம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை. வருடக்கணக்காகப் பழகியது தானாக வந்துவிட்டது.

"நல்ல தண்ணி. அடுத்த வருசமும் வாறம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. எங்கள் பெடியள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் நக்கலடிக்கிறேன் என்று நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். அவர் வாளியைக் கிணற்றுக் கட்டில் கவிழ்த்து வைத்தார்.

"வாங்கோ" என்றார். "வரேக்கை தண்ணி கொண்டாங்கோ."

திரும்பி வரும்போது வழி முழுவதும் எங்கள் ஆட்கள் அந்த உப்பைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஊரில் இறங்கியதும் பொதுக்கிணற்றடிக்கு ஓடி, வாயைக் கொப்பளித்துத் துப்பினார்கள். நானும் துப்பினேன்.

அடுத்த வருடம் பிஸ்கற் தகரத்துக்குள் கடற்கரையின் பெயர் போடவில்லை. அவர்கள் வரவில்லை என்று அறிவித்திருந்தார்கள். சங்கக்கடை வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். கழகம் செத்ததற்கு எனக்கு அன்றும் கவலையில்லை, இன்றும் இல்லை. குந்தியிருந்து பந்தடித்தவர்கள், அவர்களுக்கு அது வேண்டும். நாங்கள் அந்த வருடம் இறுதி ஆட்டம் வரை போய் நெடுங்கேணியிடம் தோற்றோம். எங்கள் கிணற்றில் நான் அவர்களுக்கு அள்ளி ஊற்றினேன். ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டுப் போனார்கள். பீப்பா ஒருவரும் கொண்டுவரவில்லை.

எங்கள் பொதுக்கிணற்றிலிருந்து அந்தக் கரைக்கு மிசினில் ஒரு மணித்தியாலம் கூட இல்லை. சங்கக்கடைப் பின்பக்கத்தில் நல்ல பீப்பாக்கள் நாலு சும்மா கிடந்தன. மிசின்காரன் என் மச்சான்தான், கேட்டால் மறுத்திருக்கமாட்டான். வாறம் என்று அந்த மனுசனிடம் என் வாயால் சொல்லிவிட்டு வந்தவன் நான்.

நான் போகவில்லை.